‘ஓம்’ பதில் அல்ல

எங்கள் பழைய வேலைத்தளத்தை விற்றுவிட்டார்கள். பாரிசில் லா சப்பல் பகுதியில், தண்டவாளங்களைப் பார்த்தபடி நின்ற நீளமான கொட்டகை அது. சாமான்களை ஏற்றி அனுப்பும் பொறுப்பு ஒரு தமிழ்ப் பிள்ளையிடம் வந்திருக்கிறது. பிரான்சில் பிறந்தவள், இஞ்சினியர் பட்டம் பெற்றவள், நான் ஓய்வு பெற்ற வருடம் வேலைக்குச் சேர்ந்தவள். போன வாரம் தொலைபேசியில் அழைத்தாள்.

“மாமா, கதவுக்குப் பக்கத்திலை ஒரு பலகை இருக்கெல்லோ. அஞ்சு விதி எழுதி, அடியிலை ‘ஓம் பதில் அல்ல’ எண்டு பிரெஞ்சிலை. அது என்ன, யோகாப் பகிடியோ? இஞ்சை எல்லாரும் சிரிக்கினம். எறியட்டோ?”

“எறியாதை, பிள்ளை” என்றேன்.

“பூர்குவா?” என்று கேட்டாள். ஏன் என்று அர்த்தம். தொலைபேசியில் சொல்லி முடிக்கிற விஷயம் அல்ல என்றேன். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. அவளுடைய தாய் வாசித்துச் சொல்லட்டும்.

என்னைப் பற்றி அதிகம் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது என்று வீட்டில் சொல்வார்கள். கொழும்பில் கப்பல் ஏறினேன். கிரேக்கத்தில் தோடம்பழம் பறித்தேன். ஹம்பேர்க் துறைமுகத்தில் மூட்டை சுமந்தேன். ஓரிடத்தில் இரண்டு குளிர்காலம் இருந்தால் கால் அரிக்கத் தொடங்கும். எண்பதுகளின் தொடக்கத்தில் ரயில் பாரிசோடு நின்றதால் நானும் நின்றேன். லண்டனுக்குப் போவதாகத்தான் நினைப்பு. மார்க்ஸ் டோர்மோயில் ஓர் அறை. ஒருவர் எழுந்து வேலைக்குப் போனதும் அந்தச் சூட்டிலேயே இன்னொருவர் படுக்கும் படுக்கை. மின் வேலை செய்யும் நிறுவனம் ஒன்றுக்குக் கேபிள் இழுக்க ஆள் தேவைப்பட்டது. கேபிள் இழுக்க மொழி தேவையில்லை. போனேன்.

அங்கே மேற்பார்வையாளர் முசியே மொரோ. கட்டையான மனிதர், சாம்பல் நிற மேலங்கி, கழுத்தில் பூட்டுச் சாவிகள் கோத்த கயிறு. கோபம் ஏற ஏறக் குரல் தணிந்துகொண்டே போகும். அவர் கிசுகிசுத்தால் பெரிய பெரிய போர்த்துக்கேய வேலைக்காரர்கள் எல்லாம் கருவிகளைக் கீழே வைத்துவிடுவார்கள்.

மின் பெட்டியைத் திறந்து கை வைக்க ஓர் அனுமதி அட்டை வேண்டும். அது இல்லாதவன் கேபிள் இழுக்கலாம், சுவரில் துளை போடலாம், அவ்வளவுதான். எங்கள் நிறுவனத்தில் அந்தத் தேர்வை மொரோதான் வைப்பார். சாப்பாட்டு வேளை முடிந்ததும் சட்டைப்பைக் கத்தியால் ஒரு ஆப்பிளைத் தோல் சீவத் தொடங்குவார். தோல் அறுபடாமல் சுருள் சுருளாக இறங்கும். சீவி முடியும்வரை கேள்விகள் வரும். அதுதான் தேர்வு.

கேள்விகள் ஐந்து விதியைச் சுற்றித்தான். மின்சாரத்தை வெட்டு. வெட்டிய இடத்தைப் பூட்டிச் சாவியைப் பையில் போடு. வேலை செய்யப்போகும் பெட்டி அதுதானா என்று உறுதி செய். மின் இல்லை என்று கருவியால் சோதி. கம்பிகளை நிலத்தோடு இணை. பிறகுதான் கை. இருவர் வேலை செய்யும்போது ஒருவன் பிரதான சுவிட்சிலும் மற்றவன் தொலைவில் பெட்டியடியிலும் நிற்பார்கள். பெட்டியடியில் நிற்பவன் “கூப்பே?” என்று கேட்க வேண்டும். வெட்டியாயிற்றா என்று பொருள். மற்றவன் “கூப்பே” என்று அதே சொல்லைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

நான் ஐந்து விதிகளையும் ஒப்புவித்தேன். ஆப்பிள் பாதி சீவியாயிற்று. மொரோ தலையை நிமிர்த்தாமல், “கூப்பே?” என்றார்.

“வுய்” என்றேன். ஆம் என்பதற்குப் பிரெஞ்சு.

கத்தி நின்றது. “போ. அடுத்த மாதம் வா.”

எனக்கு விளங்கவில்லை. நின்றேன். அவர் குரலை இன்னும் தணித்தார். “வுய்யை நகரசபைக்கு வைத்துக்கொள். கல்யாணம் கட்டும் நாளில் அங்கே சொல். இங்கே ஒருவன் வுய் என்றால் எதற்குச் சொல்கிறான் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் கேட்டதற்கா? பக்கத்தில் இன்னொருவன் கேட்டதற்கா? செய்ததைச் சொல். வெட்டினால் வெட்டினேன் என்று சொல்.”

அடுத்த மாதம் தேறினேன். அட்டையில் என் படம், என் பெயர். பிரான்சில் என் பெயர் பிழையில்லாமல் அச்சான முதல் காகிதம் அது. லண்டன் போகிற நினைப்பு அதோடு கொஞ்சம் தள்ளிப்போனது.

எங்கள் அறையில் சிவபாலன் அண்ணை இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கொழும்பில் மின்சார இஞ்சினியராக இருந்தவர், எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு வந்தவர். பட்டச் சான்றிதழை எடுத்துக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த பெண் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “அழகான காகிதம்” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாளாம். அவர் ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு உணவகத்தில் சட்டி கழுவினார். அறையில் எல்லோரும் அவரை இஞ்சினியர் என்றே கூப்பிட்டோம். மரியாதை பாதி, நக்கல் பாதி.

“இஞ்சினியர், பல்ப் எரிஞ்சு போச்சு. வந்து ஒருக்காப் பாருங்கோவன்” என்பான் ராசன். அவன் வேறொரு உணவகத்தில் சமையல் உதவி.

“பல்ப் மாத்த இஞ்சினியர் தேவையில்லை, ராசன். ஏறி நிக்கக் கதிரை ஒண்டு போதும்.”

“கதிரையையாவது டிசைன் பண்ணித் தாங்கோ.”

அண்ணை கோபிக்க மாட்டார். சிரித்துவிட்டுக் கதிரையைத் தானே கொண்டுவந்து வைப்பார்.

ஒரு நாள் ஆங்கிலத்தில் குறிப்பெழுதிய இயந்திரப் படங்களோடு மொரோ தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். எங்கள் அறையில் ஒருவர் இருக்கிறார் என்றேன். மறுநாள் அண்ணை வந்தார். சவர்க்காரத் தண்ணீரில் வெடித்த விரல்களால் அந்தப் படங்களை விரித்து, மேசையிலேயே இருந்துவிட்டார். பிறகு அவர் சட்டி கழுவப் போகவில்லை. சம்பளத் துண்டில் வரைபடக்காரர் என்று போட்டார்கள். வேலை இஞ்சினியருடையது.

பிரான்சில் கல்லூரிக்குப் போகாதவனும் இஞ்சினியர் பட்டம் பெற ஒரு வழி இருந்தது. முப்பத்தைந்து வயது கடந்திருக்க வேண்டும். பொறுப்போடு இஞ்சினியர் வேலை செய்கிறான் என்று முதலாளி எழுத்தில் உறுதி தர வேண்டும். தான் செய்த ஒரு வேலையைப் பற்றி ஒரு நூலளவுக்கு எழுதி, அரசு நடுவர்கள் முன்னால் அமர்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அண்ணை சில வருடங்கள் பொறுத்திருந்தார். ஆர்ஜொந்தெய்யில் ஒரு பெரிய அச்சகத்துக்கு நாங்கள் மின்சாரம் அமைத்தோம். இரண்டு கட்டடம், இரண்டுக்கும் நடுவே நிலத்தடிக் கேபிள். திட்டம் முழுவதும் அவருடையது. அதையே எழுதினார். ஞாயிற்றுக்கிழமைகளில் ராசன் மீன் பொரிக்க, அண்ணை படுக்கையில் சம்மணமிட்டு எழுதுவார்.

யாழ்ப்பாணத்தில் அவருக்கு ஒரு பெண் நிச்சயமாகியிருந்தது. பெயர் மலர். ஆசிரியை. இஞ்சினியர் மாப்பிள்ளை என்று சொல்லித்தான் பேச்சு முடிந்தது. சண்டைக்குள் பாதை எப்போது மூடும் என்று தெரியாது. பட்டம் கிடைத்த கையோடு கூப்பிட்டுவிடுவதாக அண்ணை சொல்லியிருந்தார்.

“பட்டம் இல்லாமல் கூப்பிட்டால் வரமாட்டாவோ?” என்று கேட்டேன்.

“வருவா. நான் சொன்ன சொல் ஒண்டு இருக்கெல்லோ.”

முதலாளி உறுதிக் கடிதம் தருவதாக ஒப்புக்கொண்டார். அச்சகத்து வேலையை ஒப்படைத்ததும் கையெழுத்து.

ஒப்படைக்கும் நாள் வந்தது. வாடிக்கையாளரின் ஆட்கள் வந்திருந்தார்கள். முதலாளியும் அண்ணையும் முதல் கட்டடத்தின் நிலவறையில், பிரதான சுவிட்சுகளுக்கு அருகில். நான் இரண்டாவது கட்டடத்தின் நிலவறையில், பெட்டியடியில். மொரோ மேலே விருந்தினர்களோடு. இரண்டு நிலவறைகளுக்கும் நடுவே ஒரு தற்காலிகத் தொலைபேசி. மின்சாரத்தைக் கொடுத்துப் பார்ப்பது, வெட்டுவது, அளப்பது, மறுபடி கொடுப்பது என்று காலையிலிருந்து வேலை போய்க்கொண்டிருந்தது.

பெட்டிக்குள் ஓர் இணைப்பை இறுக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்பக்கத் தகட்டைக் கழற்ற வேண்டும். தகட்டைக் கழற்றினால்தான் சோதிக்கும் கருவியை உள்ளே விடலாம். ஆக, தகடு கழலும் அந்தச் சிறு நேரத்துக்கு மட்டும் வேலைக்காரனுக்குக் காவல் மறுமுனையில் இருப்பவனுடைய வாய்ச்சொல்தான்.

தொலைபேசியை எடுத்தேன். “கூப்பேயோ, அண்ணை?” என்றேன். பிரெஞ்சுச் சொல்லுக்கு எங்கள் ஓகாரத்தைப் போட்டுத்தான் நாங்கள் கதைப்போம்.

“ஓம், ஓம்” என்றார்.

யாழ்ப்பாணத்தார் இந்தச் சொல்லை எத்தனை விதமாகச் சொல்வோம் என்று அதுவரை நான் யோசித்ததில்லை. ஆம் என்பதற்கும் ஓம். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் ஓம். ஒருவர் கதைத்துக்கொண்டே போனால், கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்லு என்பதற்கும் ஓம். அண்ணைக்குப் பக்கத்தில் முதலாளி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு காதில் அவர், மறுகாதில் நான். அண்ணை சொன்ன ஓம், லைனில் இருக்கிறேன், சொல்லு என்பது. எனக்குக் கேட்ட ஓம், வெட்டியாயிற்று என்பது. திருப்பிச் சொல்லுங்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. தாய்மொழியில் யார் அப்படிக் கேட்பார்கள்?

தகட்டின் கடைசி ஆணியைக் கழற்றினேன். தகடு சரிந்து உள்ளே செப்புச் சட்டங்களில் பட்டது.

சத்தம் நினைவில்லை. வெள்ளை வெளிச்சம் மட்டும். பிறகு மயிர் கருகும் வாசம், அது என்னுடையது என்று கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது. இடக்கையும் கழுத்தும் முகத்தில் ஒரு பக்கமும் எரிந்தன. கண் தப்பியது. இடக்கையில் இரண்டு விரல்கள் இன்றைக்கும் மடங்குவதில்லை. சோறு சாப்பிடுவது வலக்கையால் என்பதால் பெரிய இடைஞ்சல் இல்லை.

ஆஸ்பத்திரியில் மொரோவும், நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி ஒருவரும் வந்தார்கள். மொரோ தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு ஜன்னலோரம் நின்றார். அதிகாரிதான் கேட்டார்.

“நீ கூப்பே என்று கேட்டாயா?”

“கேட்டேன்.”

“அவர் என்ன சொன்னார்?”

“ஓம் என்றார்.”

அதிகாரி நிமிர்ந்தார். “ஓம்? மின்தடையா? எத்தனை ஓம்?”

மின்தடையை அளக்கும் அலகுக்கும் ஓம் என்றுதான் பெயர், பிரெஞ்சிலும் அதே உச்சரிப்பு. அண்ணை ஏதோ அளவு சொல்லிக்கொண்டிருந்தார், லைன் சரியில்லை, நான் தவறாக விளங்கிக்கொண்டேன் என்று அவர் தானாகவே முடிவுகட்டினார். ஒருவர் மேலும் குற்றம் இல்லை என்றார். நான் பொய் சொல்லவில்லை. அவர் விளங்கிக்கொண்டதைத் திருத்தவும் இல்லை. மொரோ மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் அண்ணை வந்தார். அவருடைய கண்கள் உள்ளே போயிருந்தன. கட்டிலருகே நின்று என் கட்டுகளைப் பார்த்தார், உட்காரவில்லை. நான்தான் அவரைத் தேற்ற வேண்டியிருந்தது.

“அண்ணை, நீங்கள் தப்பீட்டியள். நீங்கள் சொன்ன ஓமை அவங்கள் மின்தடை எண்டு எழுதிப்போட்டாங்கள். எத்தினை ஓம் எண்டு என்னட்டைக் கேக்கிறான், விசரன்.”

அண்ணைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது, சிரித்தால் முகத்தில் கட்டு இழுத்து உயிர் போனது. பக்கத்துக் கட்டிலில் இருந்த கிழவர் எங்களைப் பார்த்துத் தானும் சிரித்தார். அண்ணை சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். பிறகு துடைத்தபடியே இருந்தார்.

“கையெழுத்து எப்ப?” என்று கேட்டேன்.

“வெள்ளிக்கிழமை.”

வெள்ளிக்கிழமை கையெழுத்து நடக்கவில்லை. அதற்கு முதல் நாளே அண்ணை முதலாளியிடம் போய், ஓம் என்றால் எங்கள் மொழியில் வுய் என்றும், தான் சொன்னது அந்தச் சொல்தான், மின்தடை அல்ல என்றும், சுவிட்சு அப்போது வெட்டப்படாமல் இருந்தது என்றும் சொல்லிவிட்டார். ராசன் வந்து சொன்னபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அண்ணை அடுத்த முறை வந்ததும் ஏசினேன்.

“உங்களுக்கு என்ன விசரே? எரிஞ்சது என்ரை கை. எனக்கு இல்லாத கவலை உங்களுக்கு என்ன? ஆர் கேட்டது உங்களை?”

“ஒருத்தரும் கேக்கேல்லை.”

“அப்ப? மலருக்கு என்ன சொல்லப் போறியள்?”

அவர் என் போர்வை நுனியை இழுத்துச் சரிசெய்தார். “இப்ப எங்கட இடத்திலை எத்தினை தமிழ்ப் பெடியள் வேலை செய்யிறாங்கள்? லைன் பிழை எண்டு எழுதினால் லைனை மாத்துவாங்கள். நாளைக்கு ஒருத்தன் இன்னொருத்தனிட்டைக் கூப்பேயோ எண்டு கேப்பான். புது லைனிலை ஓம் எண்டு வடிவாக் கேக்கும்.”

தலையணைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் போகும்வரை திரும்பவில்லை.

முதலாளி அவரை வேலையைவிட்டு அனுப்பவில்லை. மரியாதையாகவே பேசினார். ஆனால் இந்த மனிதர் பொறுப்போடு இஞ்சினியர் வேலை செய்கிறார் என்று தன்னால் இனிக் கையெழுத்துப் போட முடியாது என்றார். அண்ணை எழுதி முடித்திருந்ததை ஒரு கடதாசிப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளினார். அச்சகத்துக்கு அந்த மின்சாரம் பல காலம் குறையில்லாமல் ஓடியது.

மொரோ என்ன செய்தார் என்றால், வேலைத்தளத்துக் கதவருகே ஒரு பலகை அடித்தார். ஐந்து விதிகள். அவற்றுக்கு அடியில், தன் கையால், ‘ஓம் பதில் அல்ல’. புதிதாக வந்தவர்கள் சிரித்தார்கள். தமிழர்கள் மட்டும் சிரிக்கவில்லை. எனக்குத் தெரிந்து அதன் பிறகு அங்கே ஒரு தமிழனும் எரியவில்லை.

மலர் அடுத்த வருடம் வந்தா. பட்டம் இல்லை என்று அண்ணை முன்னமே அறிவித்திருந்தார். “நான் கறண்டைக் கலியாணம் கட்ட வரேல்லை” என்று விமான நிலையத்திலேயே சொன்னதாக ராசன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். நகரசபையில் பதிவு. மேயரின் உதவியாளர் மூவர்ணப் பட்டி அணிந்து, இந்தப் பெண்ணை மனைவியாக ஏற்கிறீர்களா என்று கேட்டார். அண்ணை நிமிர்ந்து நின்று, “ஏற்கிறேன்” என்றார். உதவியாளர் காத்திருந்தார். அண்ணையும் காத்திருந்தார். “முசியே, வுய் என்று சொல்ல வேண்டும்” என்றார் உதவியாளர். சனம் சிரித்தது. ராசன், “அண்ணைக்குப் பயம் வந்திட்டுது” என்று கத்தினான். பின்வரிசையில் மொரோ உட்கார்ந்திருந்தார், அவர் சிரிக்கவில்லை. அண்ணை கடைசியில் அந்த வுய்யைச் சொன்னார், மிக மெதுவாக.

அதன் பிறகுதான் நான் கவனித்தேன். அண்ணை ஓம் சொல்வதை விட்டுவிட்டார். சாப்பிட்டீர்களா என்றால் “சாப்பிட்டன்” என்பார். மழையோ என்றால் “மழை” என்பார். கதவைப் பூட்டினியளோ என்று மலர் அக்கா உள்ளிருந்து கேட்டால் “பூட்டினனான்” என்று பதில் வரும். பிள்ளைகள் அதை வைத்து அவரைப் பகிடி பண்ணுவார்கள், தகப்பன் கிளிப்பிள்ளை என்று. அவர் எங்கள் நிறுவனத்தை விட்டு, லா சப்பலில் புதிதாகத் திறந்த கடைகளுக்குக் குளிர்பெட்டி லைன்கள் இழுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பழக்கத்தில் யாராவது இஞ்சினியர் என்று கூப்பிட்டால், “கறண்ட் வேலை” என்று திருத்துவார். நான் லண்டனுக்குப் போகவே இல்லை. செவ்ரானில் வீடு எடுத்து, மொரோவின் இடத்துக்கு வந்து, ஓய்வும் பெற்றேன்.

மூன்று குளிர்காலத்துக்கு முன்னர் அண்ணை ஆஸ்பத்திரியில் இருந்தார். ஈரல் நோய், முற்றிவிட்டது. நான் போகும்போதெல்லாம் கண்ணை மூடியே படுத்திருப்பார். ஒரு பின்னேரம் மலர் அக்கா தேநீர் குடிக்கக் கீழே போனா. எனக்குச் சும்மா இருக்க வராது. கதைக்கத் தொடங்கினேன். ராசனுக்குப் பேரன் பிறந்ததை, மார்க்ஸ் டோர்மோயில் எங்கள் அறை இருந்த கட்டடத்துக்கு லிப்ட் போட்டதை, ஹம்பேர்க்கில் மூட்டைக்குக் கீழே நான் தூங்கிப்போனதை. அவருக்குக் கேட்கிறதோ இல்லையோ தெரியவில்லை. ஒரு இடத்தில் நிறுத்தினேன்.

“ஓம்… ஓம்…” என்றார், கண்ணைத் திறக்காமல்.

அது எந்த ஓம் என்று எனக்குத் தெரியும். லைனில் இருக்கிறார். நான் நிறுத்தாமல் கதைத்துக்கொண்டிருந்தேன்.